கேள்வி கேட்காத தவக்காலம்

மார்ச் 7, சனி

காலை ஏழுக்கே வியர்வை. இட்லி மாவு புளித்துவிட்டது. மகள் ஷெரினின் புதுநன்மைக்கு எடுத்த வெள்ளை கவுன் துணியை இன்று தையற்காரரிடம் கொடுப்பதாக இருந்தேன். கொடுக்கவில்லை. மனசு வரவில்லை.

நேற்றுக் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "மம்மி, எனக்குப் புதுநன்மை வேணாம். நான் ஜெபம் பண்றப்போ அங்க யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

எட்டு வயது. முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மை மே மாதம். அந்த வகுப்புக்கு மறைக்கல்வி டீச்சர் நான்தான். பதினோரு பிள்ளைகள், அதில் ஒன்று என்னுடையது. கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மிரட்டினால் நற்கருணையை வாங்கிக்கொள்வாள், தெரியும். சும்மா நாக்கை நீட்டுவாள். அது எனக்கு வேண்டாம்.

முடிவு: புத்தகத்தை மூடிவிட்டு வெளியே கூட்டிப்போவது. எனக்கே முதலில் கடவுள் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது கோயிலில் இல்லை. பள்ளிக்கூட மொட்டை மாடியில், மழைக்கு முன் அடித்த காற்றில்.

பட்டியல்: கடல். அடையாறு முகத்துவாரம். எறும்புப் புற்று. ஒவ்வொன்றுக்கும் பைபிளிலிருந்து ஒரு திருப்பாடல், சீட்டில் எழுதியாயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

காலை ஆறு மணி, பெசன்ட் நகர் கடற்கரை. நல்ல காற்று.

"கடலை யாரு படைச்சா?"
"கடவுள்."
"அலையை?"
"கடவுள்."
"அந்தப் பறவைய?"
"கடவுள். வீட்டுக்குப் போலாமா மம்மி?"

பக்கத்தில் கூடையை இறக்கிய மீன்காரம்மா கேட்டார்: "இன்னாமா, கடல்லயும் டியூஷனா? புள்ளைய வுடும்மா, அது பாட்டுக்கு ஆடட்டும்."

என் முகம் சுருங்கிப் போயிற்று. ஆட்டோவில் ஷெரின் வேறு: "நீ எது கேட்டாலும் கடவுள்னு சொன்னா கரெக்ட் ஆயிடுது மம்மி. யோசிக்கவே தேவையில்ல."

ஒன்பது மணிக்கு வகுப்பு. "உன்னைப் படைத்தவர் யார்?" பதினோரு குரல், ஒரே பதில். இத்தனை வருஷமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேனா?

மார்ச் 10, செவ்வாய்

தலைவலி. தண்ணீர் லாரி வரவில்லை.

இனி வெளியே போனால் கேள்வி கிடையாது. விளக்கம் கிடையாது. சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன். வீட்டுக்காரர் அல்போன்ஸிடம் சொன்னால் சிரிக்கிறார்: "தவக்காலத்துக்குக் கறி மீன் விட்டதெல்லாம் என்ன, நீ ஒரு மணி நேரம் பேசாம இருந்தா அதான்டி பெரிய தவம்." இருந்து காட்டுகிறேன்.

எடுத்துப்போக: தண்ணீர், தொப்பி, பிஸ்கட், மாற்றுத் துணி. வேறெதுவும் வேண்டாம்.

மார்ச் 14, சனி

முகத்துவாரம், உடைந்த பாலத்துப் பக்கம். சேற்று நாற்றம். ஈர மணலில் சுண்டுவிரல் நகம் அளவு நண்டுகள். மணலைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வெளியே தள்ளுகின்றன. தண்ணீர் வந்து எல்லாவற்றையும் அழிக்கிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

ஷெரின் குந்தி உட்கார்ந்தாள். நாற்பது நிமிடம். மூன்று தடவை எனக்கு வாய் வரை வந்துவிட்டது, "பார்த்தியா, கடவுள்..." என்று. பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டேன்.

"இதுக்கு அலுக்காதா மம்மி?"
"தெரியலம்மா."

நிமிர்ந்து பார்த்தாள். "தெரியல" என்று நான் சொல்லி அவள் கேட்டதே இல்லை போல.

மார்ச் 15, ஞாயிறு

வகுப்பையே கோயில் வளாகத்து வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, நானும். ஒரே சிரிப்பு, கிள்ளல். கடைசி இரண்டு நிமிடம்தான் அமைதி.

ஃபாதர் வந்தார். "டீச்சர், இன்னும் அஞ்சு பாடம் பாக்கி இருக்கே?"
"முடிச்சிடுவேன் ஃபாதர். இதையும் செய்வேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 18, புதன்

தையற்காரர் போன்: "துணி எப்பம்மா தருவீங்க? மே மாசம் கூட்டமாயிடும்." அடுத்த வாரம் என்றேன். புதுநன்மை வேண்டுமா என்று அவளிடம் கேட்டுவிடலாமா? கூடாது.

மார்ச் 21, சனி

மறுபடி கடல். மேகமூட்டம், வெயில் தெரியவில்லை. என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள். இருபதடி தள்ளி உட்கார்ந்தேன். அவள் முதுகுதான் தெரிந்தது. அலை காலைத் தொட்டும் நகரவில்லை. தலை மட்டும் லேசாக ஆடியது, பேசும்போது ஆடுமே, அப்படி.

என்னம்மா சொன்னே என்று கேட்க நாக்கு துடித்தது. சாலை வரை வந்தாயிற்று, கேட்கவில்லை. அவளே பொறுக்காமல், "நான் என்ன பேசினேன்னு நீ கேக்கவே இல்ல?"

"என்ன பேசினே?"

"சொல்ல மாட்டேன். அது எங்களுக்குள்ள."

அங்க யாருமே இல்லை என்றவள், எங்களுக்குள்ள என்றாள். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன். சந்தோஷம்தான். ஆனால் அந்த "எங்க"ளில் நான் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மணல் என்று சொன்னேன்.