பந்தலுக்கு வந்த குழாய்

மார்ச் 9
குழாயைத் திறந்தால் இன்றும் சாக்கடை நாற்றம். மகள் அனிஷாவுக்கு மஞ்சள் காமாலை வந்து போயும் கண் இன்னும் வெளுக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுக்கிறேன். காய்ச்சினாலும் சாக்கடை சாக்கடைதானே?

கல்மண்டபம் ஏரியாவில் எங்கள் தெருமுனையில், நல்ல தண்ணீர் கேட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஒரு அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் லூயிஸ் ஹார்பர் ஷிப்டு முடிந்து அந்த வழியாகத்தான் வருகிறார். "ரோட்ல குந்திகினு இன்னாத்த கிழிச்ச, ஹில்டா? ஓட்டு போட்டு ஆள மாத்து" என்றார். முப்பது வருஷமாக ஓட்டுப் போடுகிறவர். ஆள் மாறினான், தண்ணீர் மாறவில்லை.

மார்ச் 14
வார்டு இடைத்தேர்தலைப் புறக்கணிக்கிறோம். பந்தலை நடத்தும் சுகிர்தம் அக்கா, மாதா படத்தின் மேல் எல்லோரையும் சத்தியம் செய்யவைத்தாள். நானும் செய்தேன். லூயிஸ் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மார்ச் 22
சிரிப்பதா அழுவதா! பூத் நடக்கும் பள்ளிக்கூடத்துக்குள் அதே சாக்கடை புகுந்துவிட்டது. தெருவில் ஈரமில்லாத இடம் எங்கள் பந்தல்தான். அதனால் பூத் அங்கேயாம்! தேர்தல் ஆபீசர் வந்து அளந்தார். 'தேர்தல் புறக்கணிப்பு' பேனரைக் கழற்ற வேண்டாம், வெள்ளைத் துணி போட்டு மூடினால் போதும் என்றார்.

பூத்தில் குடிதண்ணீர் கட்டாயம் இருக்கவேண்டுமாம். சாயங்காலத்துக்குள் மெயின் ரோட்டிலிருந்து தோண்டி, பந்தலுக்குள் ஒரு புதுக் குழாய். நல்ல தண்ணீர். ஒரு மாசம் தொண்டை கிழிய கத்தினோமே — அப்போ எங்க இருந்துச்சு இது?

மார்ச் 27
சுகிர்தம் அக்கா போட்ட டீயைக் குடித்துக்கொண்டே ஆபீசர் சொன்னார்: ஓட்டு விழாத பூத்தை அடுத்த முறை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்களாம். அப்படியானால் குழாய்? எல்லோரும் குழாயையே பார்த்தோம்.

மார்ச் 29
தேர்தல். இன்று ஒன்றும் எழுதப்போவதில்லை.

மார்ச் 30
போட்டுவிட்டேன். மாதாவே, மன்னியும். எந்த ஆளுக்கும் போடவில்லை, குழாய்க்குத்தான் போட்டேன். நேற்று மத்தியானம் முக்காடு போட்டுக்கொண்டு போய் வந்தேன். விரல் மை தேய்த்தாலும் போகவில்லை. துணி சுற்றிக்கொண்டேன்.

இன்று காலையில் பந்தலுக்குப் போனால், தெருவே இடது ஆள்காட்டி விரலில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறது! சுகிர்தம் அக்காவுக்கு வடைச்சட்டி எண்ணெய் தெறித்ததாம்.

"உனுக்கு இன்னாடி?"

"வஞ்சிரம் முள்ளு குத்திச்சிக்கா."

"பாத்து அரியக்கூடாது?" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வார்டிலேயே அதிக ஓட்டு எங்கள் பூத்தில்தானாம்.

மார்ச் 31
தேர்தல் முடிந்ததாம், குழாயைக் கழற்ற ஆள் வந்துவிட்டான். எம்மாந் திமிரு! நாங்கள் ஓடிப்போவதற்குள் லூயிஸ் அங்கே இருந்தார். டூட்டி சட்டையோடு சம்மணம் போட்டு, குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

"இது பூத்து நைனா. அட்த்த எலீக்சனுக்கு தண்ணி வோணும்ல? அதுவரிக்கும் இங்கியே குந்திகினு இருப்பேன்" என்று மை விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அவன் ஆபீசருக்குப் போன் போட்டான். ஓட்டுப் போட்டவர் பூத்தை விட்டு எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்று விதியில் இல்லையாம். போய்விட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 12
லூயிஸ் ஷிப்டு முடிந்தால் நேராகப் பந்தலுக்குத்தான். பேனர் மேல் போட்ட வெள்ளைத் துணியை யாரும் எடுக்கவில்லை. மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். கூட வந்த அனிஷா, குழாயடியில் கை குவித்துக் குடித்தாள். காய்ச்சாத தண்ணீர். நான் தடுக்கவில்லை.