கொள்ளு ரசத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனவளுக்கு

இந்த வீடு நாள் தவறாமல் மகராசி என்று சொல்லும் என் அருமைப் பேச்சியம்மா அக்காவுக்கு,

அருமை என்று எழுதியது உன் படத்தில் தொங்கும் மாலைக்காக. மற்றபடி எனக்கு உன்மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. உன்னை நான் பார்த்ததே இல்லை. நாலே நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய். ஒரு வருசம் கழித்து உன் புருஷனுக்கு இரண்டாம் தாரமாக இந்தத் தாராவி வீட்டு ஏணியில் ஏறியவள் நான். மூத்தாளை ‘நீங்க’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பார் அத்தை. நீ முப்பத்தோரு வயதிலேயே நின்றுவிட்டாய். எனக்கு முப்பத்துமூன்று முடிந்துவிட்டது. அதனால் ‘நீ’ போதும்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. கோவில்பட்டியில் இருக்கும் என் அண்ணனிடம் இதைக் குளிர் என்று சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பான். பம்பாயில் காலைக் காற்று கொஞ்சம் சில்லென்று அடித்தால் போதும், நம் வீட்டுக்காரர் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டுதான் தோல் பட்டறைக்குப் போகிறார். அத்தைக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். உன் மகள் தர்ஷினிக்கு மூக்கு ஒழுக ஆரம்பிக்கும். உடனே மூன்று பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

“பேச்சி நோட்ட எடுட்டி” என்பார் அத்தை.

மருந்துக்கடைக்காரர் ஓசியாகக் கொடுத்த டைரியில் நீ எழுதிவைத்த குளிர்காலச் சமையல். சளிக்குக் கொள்ளு ரசம், முட்டிக்கு ஆட்டுக்கால் சூப், மகளுக்கு உளுந்தங்களி, வாய் கசக்கும் நாளுக்குப் பூண்டு போட்ட மிளகுக் குழம்பு. ஒவ்வொன்றின் கீழும் அதிகாரம் வேறு. ‘நுரை கட்டியதும் இறக்கு, கொதித்துவிட்டால் கொட்டிவிடு.’ ‘கருப்பட்டி மாதுங்காவில் வாங்கு, இங்கே விற்பது வெறும் சீனிப்பாகு.’

யாருக்கு உத்தரவு போட்டாய் அக்கா? அவர் இங்கேயே பிறந்து இந்தியில் படித்தவர், தமிழ் பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அத்தைக்குக் கைநாட்டு. தர்ஷினிக்கு இந்தியும் இங்கிலீஷும்தான். நீ எழுதியதை வாசிக்க உன் வீட்டில் ஒரு நாதியும் இல்லை. அப்புறம் யாருக்காக இத்தனை பக்கம் எழுதினாய்?

ஆக, என்னைத் தவிர வாசிக்க ஆளில்லை. அடுப்படியில் நான் உட்கார்ந்ததும் உன் மகள் ஒட்டி வந்து உட்காருவாள். “சித்தி, படோ நா” என்பாள். நான் வாசிப்பேன். உன் அதட்டல் என் வாயிலிருந்து வரும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முடிந்ததும், “ஃபிர் ஸே” என்பாள். மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். எந்த இளையாளுக்கும் இந்தத் தலையெழுத்து வர வேண்டாம்.

வயிற்றெரிச்சலோடு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உன் பக்குவம் ஏமாற்றாது. கொள்ளை வறுத்து, குக்கரில் குழைய வேகவைத்து, வடித்த தண்ணீரில் புளியைக் கரைத்து, மிளகு, சீரகம், தோலோடு பூண்டு தட்டிப் போட்டு, நுரை கட்டும்போது இறக்கி, நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டினால், சளி இரண்டு நாளில் இறங்கிவிடும். எத்தனை முறை செய்தாலும் இறங்கும். ஆனால் அத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா பேச்சி கை வராது” என்பார். ஐந்து குளிர்காலமாக அதே வார்த்தை. ஒருமுறையாவது ‘நல்லாயிருக்கு’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

வந்த முதல் குளிர்காலத்தில் நான் செய்த பாவத்தையும் கேள். சயானில் மாத்திரை வாங்கித் திரும்பும்போது, சூடாகப் பொரித்துக்கொண்டிருந்தார்களே என்று நாலு வடாபாவ் வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரிக்கவே விடவில்லை அத்தை.

“ஏட்டி, எங்க பேச்சி எட்டு வருசத்துல ஒரு நா, ஒரே ஒரு நா, ரோட்டுக் கடையில வாய் வச்சிருப்பாளா? வீட்டுல கஞ்சி இருந்தா கஞ்சி, இல்லன்னா பச்சத் தண்ணி. அவ பொம்பள!”

அன்றைக்கு நிறுத்தியதுதான். பொரிக்கிற வாசனை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். உன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீ உதட்டைச் சுழிக்கிற மாதிரியே எனக்குத் தோன்றும்.

இந்த ஜனவரியில் உன் நினைவு நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது தர்ஷினிக்கு நெஞ்சுச் சளி. ரசம் வைத்து டம்ளரில் கொண்டுபோனேன். அத்தை கோவிலுக்குப் போயிருந்தார். போர்வைக்குள்ளிருந்து டம்ளரை வாங்கிய பிள்ளை, குடிக்காமல் என்னையே பார்த்தாள்.

“சித்தி, ஒண்ணு சொல்லட்டா? கிஸீகோ போல்னே கா நை. ஆச்சிகிட்ட சொல்லவே கூடாது.”

“சொல்லல. சொல்லு.”

“மம்மி இத குடிக்கவே மாட்டா. எனக்கு மூக்கப் பிடிச்சு ஊத்திட்டு, மறுநா ஸ்கூல் விட்டதும் சயான் ஸ்டேஷன் பக்கம் கூட்டிட்டுப் போய் மிசல் சாப்பிடுவா. எக்ஸ்ட்ரா தர்ரி கேப்பா. மூக்குல தண்ணி வந்ததும், சளி போச்சுடீன்னு சிரிப்பா. எனக்கு ரெண்டு பாவ், சாய்ல தொட்டு.”

அடிப்பாவி!

முளைகட்டிய பயறு, அதன்மேல் சிவப்பெண்ணெய் மிதக்கும் தர்ரிக் குழம்பு, ஒரு கை மிக்சர், பச்சை வெங்காயம், பக்கத்தில் பாவ் ரொட்டி. அதுவும் தெருவோர பெஞ்சில் உட்கார்ந்து. குளிருக்கு உன் சொந்த வைத்தியம் அதுதானா? ஊருக்கெல்லாம் கொள்ளு, உனக்கு மட்டும் மிசலா? நான் வடாபாவ் பொட்டலத்தோடு இந்த வாசலில் கூனிக்குறுகி நின்றேனே, அப்போது உன் படம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நாலு நாளும் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். படையல் அன்று பத்துச் சொந்தக்காரர்கள் வருவார்கள். எல்லார் முன்னாலும் உன் மகராசிப் பட்டத்தைக் கிழித்துத் தொங்கவிடலாம். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அந்த நாளும் வந்தது. உன் படத்துக்கு முன்னால் இலை விரித்து, பூவும் வளையலும் வைத்து, உனக்கு எடுத்த சேலையை மடித்து வைத்தோம். வருசா வருசம் அதே மாம்பழ மஞ்சள். படைத்து முடிந்ததும் அதை நான்தான் கட்ட வேண்டும், என் நிறத்துக்கு அது ஒட்டவே ஒட்டாது. இலையில் களி, ரசம், மிளகுக் குழம்பு எல்லாம் வைத்தேன்.

“அவளுக்குப் பிடிச்சது ஒண்ணும் விட்டுப்போகலயே?” என்றார் அத்தை.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது அக்கா. அப்போதுதான் தர்ஷினியைப் பார்த்தேன். அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருசமாகப் பெற்ற தகப்பனிடம்கூடச் சொல்லாததை அந்தப் பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கிறாள். இங்கே நான் வாயைத் திறந்தால் அப்புறம் ஜென்மத்துக்கும் என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

“ஒண்ணும் விடல அத்த” என்றேன்.

உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

மறுநாள் அந்த மஞ்சள் சேலையிலேயே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு சயானுக்குப் போனேன். எந்த பெஞ்ச் என்று அவள்தான் காட்டினாள். முதல் வாயிலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். உன் மகள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

உன்மேல் முழுக்கோபம் அங்கேதான் வந்தது. இவ்வளவு ருசியை ஏன் ஒளித்துத் தின்றாய்? ஒருநாள், ஒரே ஒருநாள், வாங்கி வந்து வீட்டில் பிரித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அத்தை கத்தியிருப்பார். நீயும் ஏச்சு வாங்கியிருப்பாய். அதோடு அது முடிந்திருக்கும். நீ வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அதனால் உனக்குப் பின்னால் வந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஆறு வயதுப் பிள்ளையைப் பொய்க்குக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பொய்யை அவளிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாய். அவள் அதை யாரிடம் இறக்கி வைப்பாள் என்று யோசித்தாயா?

மூன்று பிளேட் கட்டச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அத்தைக்கு எதிரிலேயே பிரித்தேன்.

“என்னட்டி இது?”

“மிசல், அத்த. எனக்குப் பிடிக்கும். சயான்ல வாங்கினேன்.”

“பேச்சி சேலையக் கட்டிக்கிட்டு ரோட்டுல தின்னுட்டு வந்திருக்கா பாரு! அவ கால் தூசிக்கு வருவியாட்டி நீ?”

ஒரு வார்த்தை போதும், அத்தை வாய் அடைத்துப்போகும். தர்ஷினியின் கை என் முந்தானையைப் பிடித்திருந்தது.

“வர மாட்டேன் அத்த. நான் நானாத்தான் இருக்க முடியும்” என்றேன்.

அப்போதுதான் பட்டறையிலிருந்து உன் புருஷன் வந்தார். குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பிளேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தர்ஷினி கால் நீட்டி உட்கார்ந்து பாவைப் பிய்த்து தர்ரியில் முக்கி, ஆச்சிக்கு நேராகவே தின்றாள். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசினால் பேசட்டும்.

இதையெல்லாம் எழுதிவிட்டாளே என்று பதறாதே. இந்த வீட்டில் தமிழ் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான், உனக்குத்தான் தெரியுமே. கொள்ளு ரசமும் நிற்காது, சளி இறங்குகிறதே. அத்தைக்கு நீ கடைசிவரை மகராசியாகவே இரு, அதை நான் பறிக்கப் போவதில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஒரே ஒரு வாக்குத் தருகிறேன்: நான் இருக்கிறவரை உன் மகள் எதையும் ஒளித்துத் தின்ன மாட்டாள்.

இப்படிக்கு,
உன் மகளின் சித்தி,
சண்முகக்கனி