கழுவாத சீசா

போளூர் சாலை,
2-6-1986

அன்புத் தம்பி ஜெபதுரைக்கு,

அக்கா தெரசம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. சனிக்கிழமை உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

‘படிக்காதவளிடம் இந்த வேலையைக் கொடுத்தது என் தவறு’ என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், சீசாக்களைக் கழுவியது நான்தான். உன் ஆய்வுக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய ஆறு சீசாவின் அடியிலும் ஏதோ நாலு சொட்டு நின்றது. திறந்ததும் நெடி மூக்கில் ஏறியது. பள்ளிக்கூட விடுதிச் சமையலறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். வெந்நீரில் அலசாமல் அங்கே ஒரு பால் சீசாவைக்கூட நிரப்ப விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் சொட்டைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவி, நம் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து அனுப்பினேன். அது அமிலம், அது இல்லாவிட்டால் தண்ணீரில் கரைந்து வந்த விஷ உலோகமெல்லாம் சீசாவின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும், சோதனையில் ஒன்றும் தெரியாது என்று இப்போது விளக்கம் சொல்கிறாய். அன்றைக்கு அனுப்பிய சீட்டில் ‘நிரப்பவும், இறுக மூடவும்’ என்று இரண்டே வரி. மூன்றாவது வரி எழுத உனக்கு மை தீர்ந்துவிட்டதா?

தண்ணீரில் ஒன்றுமில்லை என்று நீ கொடுத்த சர்டிபிகேட்டை, ஊற்றுக்கு மேலே மேட்டில் கொட்டகை போட்டிருக்கும் காண்ட்ராக்டர் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். கலர் டி.வி.க்கு வேண்டிய ஏதோ அருமண்ணாம், அதை எடுக்கப் பாறைத்தூளை அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். நம் ஊருக்கு இன்னும் கரண்டே வரவில்லை. கழிவையெல்லாம் சரிவிலேயே ஊற்றுகிறார்கள். மண் இத்தனை காலம் பிடித்து வைத்திருந்த விஷத்தையும் அந்தப் புளிப்பு இளக்கிவிடும், நிலத்துக்குள்ளேயே இறங்கி ஊற்றுக்கு வந்துவிடும் என்று நீதான் எழுதுகிறாய். நான் போய்க் கேட்டேன். ‘ஏம்மா, ஒங்க கூடப்பொறந்தவரே கையெழுத்துப் போட்டிருக்காருங்க. பெறகென்ன சத்தம்? சோலியப் பாருங்க’ என்றார். ஊரே பார்க்க, வந்த வழியே திரும்பினேன்.

பக்கத்துத் தோட்டத்தில் பூண்டு போட்டிருக்கும் வீரம்மாள் என்னோடு பேசியே பத்து நாள் ஆகிறது. கடைசியாக அவள் சொன்னது, ‘மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிருச்சு. நாம குடிச்சுக்கிட்டுக் கெடக்கோம். ஒந்தம்பி காயிதந்தான் பெருசா?’ என்பது.

இதெல்லாம் தெரிந்தும், சர்டிபிகேட்டைத் திரும்பப் பெற்றால் மேலே கேள்வி வரும், பதவி உயர்வு சமயம், மழை முடியட்டும் என்கிறாயே! கழுவியது என் குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். தெரிந்துகொண்டு சும்மா இருப்பது யாருடைய குற்றம்? இருபதாம் தேதி அதிகாரி வந்து கொட்டகைக்கு நிரந்தர அனுமதி கொடுக்கப்போகிறார். அவர் பார்க்கப்போவது உன் கையெழுத்தைத்தான்.

அமலிக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருப்பதால் தலைப்பிரசவத்துக்கு முன்கூட்டியே அழைத்து வந்துவிட்டேன். அவளுக்காக இரண்டு மைல் நடந்து ஓடைத் தண்ணீர் சுமக்கிறேன். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்க்கப் பொறுக்காமல், அந்தக் குடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு எனக்குத் தெரியாமல் ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கிறாள். நேற்று கையும் களவுமாகப் பிடித்தேன். அடிக்கக் கை ஓங்கிவிட்டு அழுதேன். பதினைந்தாம் தேதி வளைகாப்பு. முதல் வளையல் தாய்மாமன் போட வேண்டும். ‘மாமா வெரசா வந்துருவாருல்லம்மா?’ என்று தினமும் கேட்கிறாள்.

மழை முடிந்ததும் மறுபடி நிரப்பச் சொல்லி நீ காலியாக்கித் திருப்பி அனுப்பிய சீசாக்களில் ஒன்றை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். இதை நான் கழுவவில்லை. இதில் உன் அமிலத்தை விட்டுக் குலுக்கிப் பார். நீ சொன்னது உண்மையானால், சுவரில் ஒட்டியது இறங்கி வரத்தானே வேண்டும்? வருவதை எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வா. வளையல் நான் வாங்கி வைக்கிறேன், நீ அந்தத் தாளைக் கொண்டுவந்தால் போதும்.

கர்த்தர் உனக்கு நல்ல சுகத்தையும், கொஞ்சம் தைரியத்தையும் தரட்டும். எது எப்படிப் போனாலும் அந்தச் சீசாவை மட்டும் கழுவிவிடாதே, தம்பி.

உன் அக்கா,
தெரசம்மாள்