என் பேர் போட்ட சட்டையில் யுவஸ்ரீ

மே 5, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு அவமானமாக இருந்தாலும் சரி. யாரும் படிக்கப்போவதில்லை. பிறகு எதற்குப் பொய்?

எனக்கு அம்மை போட்டு இன்று ஆறாம் நாள். வாசலில் வேப்பிலை. சமையலில் தாளிப்பு கிடையாது. செல்போன் கண்ணுக்கு ஆகாது என்று அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். நூலகத்தில் எடுத்த மூன்று புத்தகங்களும் பீரோவுக்கு மேலே போய்விட்டன. கெஞ்சியதில் எழுதுவதற்கு மட்டும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கிறது. மற்றபடி எனக்கு மிச்சம், அப்பா தேங்காய் வண்டியிலிருந்து எடுத்து வந்து கொடுத்த ரேடியோ.

நாளை மாநிலப் பள்ளி மாணவியர் பேஸ்பால் போட்டி. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்லூரி மைதானத்தில்தான், கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அந்தக் கல்லூரிக்கு ஒரு சமுதாய வானொலி உண்டு. எல்லா ஆட்டத்தையும் நேரடியாகச் சொல்வார்களாம். கோவை அணியில் நான் இருக்கிறேன்.

இல்லை. இருந்தேன்.

என் இடத்தில் இப்போது பக்கத்து வீட்டு யுவஸ்ரீ. போன வருஷம் வரை மட்டையில் படாமல் விட்ட பந்து ஸ்டிரைக், மூன்று ஸ்டிரைக்குக்கு அவுட் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. நான்தான் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். புதுச் சட்டைக்கு நேரமில்லாததால் என் சட்டையையே போட்டுக்கொள்ளட்டும் என்று எங்கள் கோச் அருள்குமார் சார் அம்மாவிடம் போனில் சொன்னாராம். முதுகில் என் பேர் இருக்கும். நினைத்தாலே உடம்பெல்லாம் அரிக்கிறது. சொறியக் கூடாது.

மே 6, செவ்வாய்

வர்ணனைக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா. அண்ணன் கிரிக்கெட் பழக்கத்தில் "விக்கெட்" என்று சொல்லிவிட்டு, அக்காவிடம் திட்டு வாங்குகிறார். பேஸ்பாலில் பந்தை அடித்துவிட்டு நான்கு பேஸையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன் என்பதை அக்காதான் விளக்கினாள். நான் நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு பந்தாகக் குறித்துக்கொண்டேன்.

முதல் இன்னிங்ஸில் அண்ணன், "இடதுபக்க எல்லையில் பிரத்யுஷா" என்றார். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். சட்டையில் இருந்த என் பேரைப் படித்திருக்கிறார். பத்து நிமிடம் நான் மைதானத்தில் இருந்தேன். பிறகு யாரோ சொல்லித் திருத்திவிட்டார்கள்.

யுவா முதல் தடவை மூன்று ஸ்டிரைக்கில் அவுட். அப்புறம் கைக்கு வந்த ஒரு பந்தைத் தவறவிட்டாள். ஐந்தாவது இன்னிங்ஸில் பின்னால் ஓடி ஒரு பந்தைப் பிடித்தாள். விட்டிருந்தால் இரண்டு ரன் போயிருக்கும். சேலத்தை ஒரு ரன்னில் ஜெயித்தோம். ஜெயித்தார்கள்.

மாலையில் யுவாவின் அம்மா, சின்னத்தாயி அத்தை, தேங்காய் நார் மில்லிலிருந்து வந்து எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார். தலையெல்லாம் நார்த்தூசி. வெளியே போய்வந்த உடம்போடு அம்மை வீட்டுக்குள் வரக் கூடாது. அணி தங்கியிருக்கும் முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்வதால் மகளிடம் பேச முடியவில்லையாம்.

"ஆத்தா, என்ற புள்ள இன்னைக்கு எப்படிங்க ஆடுனா?"

என்னைத்தான். என்னைத்தான் ஆத்தா என்றார், 'ங்க' போட்டு! அம்மை போட்டவள் வாயில் மாரியாத்தா பேசுவாளாம், அது பொய்க்காதாம்.

விஷயம் இதுதான். யுவாவை விளையாட்டு விடுதியில் சேர்க்க அருள்குமார் சார் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப அத்தைக்குப் பயம். இந்தப் போட்டியில் தேறினால் அனுப்பலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று இருக்கிறார்.

அந்தப் படிவம் எனக்கு வந்திருக்க வேண்டியது.

"மொதல்ல அவுட்டுங்க அத்தை. அப்புறம் ஒரு பந்தை உட்டுட்டா" என்றேன். இரண்டும் உண்மை. பிடித்த பந்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மே 7, புதன்

ஆறாவது இன்னிங்ஸ். ரன் மூன்றுக்கு மூன்று. ஒருத்தி அவுட். மூன்றாவது பேஸில் எங்கள் ஆள் நிற்கிறாள். யுவா மட்டையை வீசவே இல்லை. பந்துக்குக் குறுக்கே காட்டி, காலடியில் உருளவிட்டாள். இதற்குப் பேர் பண்ட். அடித்தவள் அநேகமாக அவுட்தான். ஆனால் அவளை அவுட்டாக்குவதற்குள் மற்றவள் ஓடி வந்து ரன் எடுத்துவிடுவாள். தெரிந்தே அவுட்டாவது. அப்படித்தான் ஆனது. அந்த ஒரு ரன்னில் திருச்சியை ஜெயித்துவிட்டார்கள்.

பண்ட் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். எங்கள் சந்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். அன்றைக்கு அவளுக்குச் சரியாகவே வரவில்லை, எப்போதும்போல் பந்து வருவதற்குள் மட்டையைக் கீழே இறக்கிவிட்டாள். இப்போது எப்படி வந்தது?

மாலையில் அத்தை வந்தார். "இன்னைக்கும் அவுட்டுங்க. பந்து பத்தடிகூடப் போகல" என்றேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள், "அந்தப் புள்ள அவுட்டானப்ப எதுக்குடி அத்தன பேரு கை தட்டுனாங்க?"

தெரியாது என்றேன். இது பொய். எழுதிவிட்டேன்.

மே 8, வியாழன்

ஆட்டம் இல்லை. கையில் முத்துகள் காய்ந்து உதிர ஆரம்பித்திருக்கின்றன.

அத்தை இன்றும் ஜன்னலுக்கு வந்தார். படிவத்தைச் சாரிடமே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாராம்.

"நல்லவேளை ஆத்தா நீங்க சொன்னீங்க. நாங்கேட்டா அவ நல்லா ஆடுனேன்னுதான் சொல்லுவா."

இதைத்தானே நான் எதிர்பார்த்தேன்? சந்தோஷமாக இருக்க வேண்டும். இரவுச் சோறு இறங்கவில்லை. அம்மைதான் காரணம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

மே 9, வெள்ளி

காலையில் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். மில் வேன் ஆறு மணிக்கே வந்துவிட்டது.

பத்து மணிக்கு வெயிலில் காய வைத்த மஞ்சள், வேப்பிலைத் தண்ணீரை அம்மா தலைக்கு ஊற்றினாள். முதல் தண்ணீர். அரையிறுதி முழுக்கக் கேட்டேன். யுவா அடித்த பந்து எல்லைச் சுவரில் மோதியது, இரண்டு பேஸ் ஓடினாள். எனக்கு எரிந்தது. இருந்தாலும் கட்டத்தில் குறித்தேன். ஜெயித்து இறுதிக்குப் போய்விட்டார்கள்.

மாலையில் அத்தை நிற்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். பிடித்த பந்து, பண்ட், இன்றைய அடி, எல்லாம். மூச்சு விடாமல் சொன்னேன். அவர் என் ஈரத் தலையைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தியாச்சா அம்மணி?"

ஊற்றியாச்சு என்றேன். 'ங்க' போய்விட்டது. ஆத்தாவும் போய்விட்டாள்.

"நேத்து வரைக்கும் ஆத்தா ஒண்ணு சொன்னா. இன்னைக்கு நீ வேற சொல்ற. சிநேகிதிக்காகச் சொல்றயாக்கும். நான் எதைக் கேக்கறது?"

இதை நான் யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன்.

"அது ஆத்தா சொன்னதில்லீங்க அத்தை. நான் சொன்னது. அவ என்ற எடத்துல ஆடுறான்னு... பொறுக்கல. கெட்டதை மட்டும் எடுத்துச் சொன்னேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அத்தை என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தலையில் இருந்த நாரைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மா இரவுச் சோற்றைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனாள். படிவத்துக்கு நாளைதான் கடைசி நாள்.

மே 10, சனி

காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். சின்னத்தாயி அத்தை. குளித்து, தலை ஈரமாக, துவைத்த சேலையில். மில்லுக்கு லீவு. முதல் தடவையாக உள்ளே வந்து ரேடியோவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். மஞ்சள் பை மடியில்.

"எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணும் புரியாது. ஒவ்வொரு பந்துக்கும் சொல்லு. நல்லதுங் கெட்டதும்."

சொன்னேன். ஏழு இன்னிங்ஸ். தொண்டை கட்டிவிட்டது. பேஸ் என்றால் என்ன என்று காட்ட, நான்கு தீப்பெட்டிகளைத் தரையில் வைத்தேன். நடுவில் அவரே, "இப்ப நம்ம புள்ள எந்தப் பொட்டியில நிக்குது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அம்மா மூன்று தம்ளரில் மோர் கொண்டு வந்து, கதவோரமாக நின்றே கேட்டாள்.

கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். இருவர் அவுட். இரண்டாவது பேஸில் ஆள். அடிக்க வந்தவள் யுவா. முதல் ஸ்டிரைக். இரண்டாவது. எனக்குள் ஒன்று, அவுட்டாகட்டும் என்றது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னது. இன்னொன்று, மட்டையைக் கீழே இறக்காதேடி என்று கத்தியது. இரண்டும் ஒரே நேரத்தில்.

மூன்றாவது ஸ்டிரைக்.

அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுட்டுங்க அத்தை. தோத்துட்டோம்."

"பண்டா?"

"இல்லீங்க. சும்மா அவுட்."

தீப்பெட்டிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"பேனாவக் குடு."

எனக்குப் புரியவில்லை. தோற்றுவிட்டார்களே என்றேன்.

"இந்த நாலு பொட்டிய எங்கண்ணால பாத்தாச்சு. தைரியமாத்தான் ஆடியிருக்கா, போகட்டும்." எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார், "பொறாம எல்லாருக்கும் வர்றதுதான் கண்ணு. மனசுல வெச்சுக்க. வாய்க்குக் கொண்டாராத."

படிவத்தைச் சாரிடம் கொடுக்கப் பதினொன்றரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் கையெழுத்துப் போட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. பேனா என்னுடையது என்பதால் இன்னும் கொஞ்சம். யுவா நாளை மதியம் வருகிறாள். இரண்டாவது ஸ்டிரைக்கில் மட்டையை இறக்கினாளா, இல்லையா? ரேடியோவில் அது தெரியவில்லை. அவள் வந்ததும் ஜன்னல் வழியாக முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். அவளுடைய அம்மாவிடம் நான் சொன்னதை அதற்கு முன்பா பின்பா சொல்வது என்று இன்னும்

அம்மா லைட்டை அணைத்துவிட்டாள்.