அல்லியூர் முரசு அறைந்த ஒற்றைக்கால் கூத்து

நீர் நிறைக, நெல் பொலிக. பூங்கழனி நாடு முழுதும் புரப்பவளும், கெண்டைக்கொடி உயர்த்தியவளுமாகிய எழினிமாதேவி யாம், அல்லியூர் முரசுமன்றத்துத் தலைவரும், எம் பாட்டனார் காலந்தொட்டு முரசுக்கோல் பிடித்த குடியில் தோன்றியவருமாகிய கொற்றங்குமரனார்க்கு விடுக்கும் ஓலை. உம் ஊர் செழிக்க. உம் மனையும் மக்களும் வாழ்க. உம் முரசின் தோல் தளராதிருக்க.

உம் ஊரில் நிகழ்ந்தது கேட்டு எம் அவையே வயிறு குலுங்கச் சிரித்தது. யாமும் சிரித்தோம்; சிரித்து முடித்தபின் சற்றே நடுங்கினோம். ஆதலால் யாம் கேட்டறிந்தவாறே எழுதுகிறோம்.

அந்திதோறும் மக்கள் மிகுதியாகக் கூடிய இடத்தில் முரசை நிறுத்திச் செய்தி அறைவது அல்லியூர் வழக்கம். பலர் காதிலும் விழட்டும் என்றே முன்னோர் அதனை வகுத்தனர். நீரோ, எங்கே கூட்டமோ அதுவே செய்தி என்று கொண்டீர். செக்காட்டும் வெண்பூதன் தேரின் உச்சியில் ஏறி ஒற்றைக்காலில் நின்றான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடவே, முரசு அவன் பேரை முழங்கியது. மறுநாள் பொற்கொல்லர் ஒருவர் எருமைமேல் வால்பக்கம் பார்த்து அமர்ந்து வீதியுலா வந்தார். அவர் பேரும் முழங்கியது. பின்னர்ப் புலவர் இருவர் பட்டாடையோடு குளத்தில் குதித்தனர். நிலக்கிழார் ஒருவர் பாதி மீசைக்கு மட்டும் மஞ்சள் பூசிக்கொண்டார். ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. நீரும் கை ஓயாமல் அறைந்தீர்.

அவ்வேளையில்தான் ஏரிக்காவல் பூண்ட வேம்பி உம்மிடம் ஓடிவந்தாள். கீழைக்கரையில் நீர் கசிகிறதென்றும், இருட்டுமுன் மண் கொட்டாவிடில் கரை உடைந்து விளைந்த நெல்லெல்லாம் போகுமென்றும், முரசறைந்து ஆள் திரட்டித் தரவேண்டுமென்றும் வேண்டினாள். கரையில் கூட்டம் உண்டா என்று வினவினீராம். தான் ஒருத்தியே என்றாளாம். கூட்டம் சேர்ந்தபின் வா என்று அனுப்பிவிட்டீராம். கொற்றங்குமரனாரே, இவ்விடத்தில் மட்டும் எமக்குச் சிரிப்பு வரவில்லை.

வேம்பி உம்மோடு வாதாடி நேரம் போக்கவில்லை. நாலடி விலகிப்போய்த் திரும்பிவந்து, இன்று அந்தியில் வெண்பூதன் ஏரிக்கரைமேல் ஒற்றைக்காலில் கூத்தாடுவான் என்றாள். அதனை மட்டும் எல்லா வீதியிலும் அறைந்தீர். ஊரே கரைக்கு ஓடியது. தான் ஆடப்போவதை முரசு சொல்லியே அறிந்த வெண்பூதன் எல்லோர்க்கும் முன்னே ஓடினான். கசிவைக் கண்டபின் கூத்தை யார் நினைத்தார்? கூடை இல்லாதோர் மேலாடையில் மண் சுமந்தனர். புலவர் பட்டும் கிழார் மீசையும் சேற்றில் ஒரே நிறமாயின. வெண்பூதன் இடுப்பளவு நீரில் நின்று மூங்கில் தட்டியைத் தோளால் தாங்கினான். அவனை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்றும், அதை அவனே கவனிக்கவில்லை என்றும் வேம்பி எமக்குச் சொல்லியனுப்பினாள். கரை நின்றது, நெல் பிழைத்தது. அது கேட்டு யாம் அடைந்த மகிழ்ச்சி இவ்வோலையில் அடங்காது.

ஆயினும் ஒரு குறை உண்டு. கூத்து உண்டென்று எம் முரசு அறைந்தது; கூத்து நடக்கவில்லை. அரச முரசு பொய்த்தல் ஆகாது. ஆகவே ஏரி நிறையும் நாளில் வெண்பூதன் அக்கரைமேல் ஒற்றைக்காலில் ஆடுக. நீரே அவனுக்கு முரசு கொட்டுக. வேம்பியின் அருகே அமர்ந்து காண யாம் வருவோம்.

இனி, கெண்டை இலச்சினை பொறித்து யாம் இடும் ஆணை: அந்திதோறும் நீர் முரசோடு கரைக்குச் சென்று, ஊர்க்குச் சொல்லத்தக்கது உண்டா என்று வேம்பியைக் கேட்பீராக. உண்டெனில் அதனையே முதலில் அறைக. ஏதுமில்லை என்றாளாயின், அன்று முரசு உறங்குக. ஊரார் நேரத்தோடு வீடு சென்று சுடச்சுட உண்க.