மடித்த இலை

எருமப்பட்டி,
10-9-1938

மகள் சௌந்திரத்துக்கு அப்பன் சின்னண்ணன் ஆசீர்வாதம். நானும் உன் அம்மாவும் சுகம். எப்போதும் போலச் சொல்லுவது நான், எழுதுவது வீரபாகு வாத்தியார்.

உன் தம்பி அர்த்தநாரி கல்யாணம் முடிந்து இன்றோடு மூன்று நாள். வந்து போகிற சனம் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறது: "ஏனுங்க, உங்க அம்மணி சௌந்திரம் பந்தியிலே பாதியிலே எந்திரிச்சுப் போயிருச்சாமா?" நான் என்ன பதில் சொல்ல? கூடப் பிறந்தவன் கல்யாணத்தில் இலையை விட்டு எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறலாமா சாமி?

நான் அப்படி என்ன தப்புச் செய்துவிட்டேன்? நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் பழமும் முதலில் இலையில் விழுவது நம் வழக்கம். பந்தி விசாரித்துக்கொண்டே வந்தவன், பரிமாறுகிற ஆள் உன் இலைக்குக் கை நிறைய அள்ளுவதைப் பார்த்தேன். எனக்குப் பதறிப்போயிற்று. "அந்த இலைக்குப் போடாதே! அவளுக்கு நீரிழிவு! ரெண்டு நேரமும் ஊசி போடற ஒடம்பு!" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போயிருக்கலாம். சேலத்து டாக்டர் இனிப்பு ஆகவே ஆகாது என்று சொன்னது போன வருஷத்துக்கு முந்தின மாசி மாதம், வெள்ளிக்கிழமை. நீ பச்சைச் சேலை கட்டியிருந்தாய். உன் சிறுநீரைச் சோதிக்கக் காய்ச்சிய கண்ணாடிக் குழாய் அவர் மேசைமேல் செங்கல் நிறத்தில் நின்றது. அதை மறந்துவிட்டு நான் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

உடனே பதில் போடு. நலம், நலமறிய ஆவல் என்று ஒரே வரியில் முடித்துவிடாதே.

அப்பன்,
சின்னண்ணன்

பள்ளிபாளையம்,
19-9-1938

அப்பாவை வணங்கி சௌந்திரம் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மாப்பிள்ளையும் என் மாமியாரும் சுகம்.

நான் ஏன் ஒரே வரியில் முடிக்கிறேன் என்றால், என் கடிதம் உங்கள் காதுக்கு வருமுன் வாத்தியாரண்ணன் வாய்க்குப் போகிறது. அவர் நல்லவர்தான். ஆனாலும் மனசில் இருப்பதை முதலில் அவரிடம் சொல்லி, பிறகு உங்களிடம் சொல்வது கூச்சமாக இருக்கிறது. இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

அந்தச் சர்க்கரையை நான் தின்னப்போவதில்லை அப்பா. நோய் வந்த நாளிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் வேண்டாமென்று சொன்னதில்லை. போடட்டும் என்று இருந்துவிடுவேன். விரலால் தொட்டு ஓரமாக ஒதுக்கி வைத்து, எழும்போது இலையை அதன்மேல் மடித்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. அந்த அரைமணி நேரம் நானும் எல்லாரையும் போல ஒருத்தி. இனி அது இல்லை. நான் எங்கே உட்கார்ந்தாலும் என் முகத்தைப் பார்க்கும் முன்னால் என் இலையைத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் மேல் கோபம் இல்லை. எந்தப் பந்திக்கும் இனி என்னைக் கூப்பிட வேண்டாம்.

சௌந்திரம்

எருமப்பட்டி,
15-10-1938

அம்மணி சௌந்திரத்துக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு எல்லாம் நினைவில் இருக்கிறது. மாரக்காள் வீட்டுக் காதுகுத்து, நம் எருமை கன்று போட்டதற்கு மறுநாள். அங்கே உன் இலை மட்டும் ஒரு ஓரம் மேடாக மடிந்து கிடந்தது. பார்த்தேன் சாமி. பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

என் வாயால் கெட்டதை நானே சரி பண்ணலாம் என்று புறப்பட்டேன். அன்றைக்கு அந்த வரிசையில் யார் யார் இருந்தார்கள் என்பது எனக்கா மறக்கும்? உனக்கு வலப்பக்கம் மாரக்காள், அடுத்து பாவாயி, தூணோரம் ராஜம்மாள், இப்படிப் பதினோரு பேர். வீடு வீடாக நடந்தேன். "எங்க அம்மணி சீக்கைப் பத்தி எங்கீயும் பேசிப்போடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டேன். பாவாயி தங்கமாகத் தலையாட்டினாள். மாரக்காள் வாய்தான் உனக்குத் தெரியுமே! "நான் மறந்தே போயிட்டனுங்கண்ணா. நீங்கதான் அஞ்சு மைல் நடந்து வந்து நெனப்பூட்டிப்போட்டீங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

இனி ஒருத்தரும் பேச மாட்டார்கள். நீ ஊசியை விடாமல் போடு. கார்த்திகைக்கு வந்து நாலு நாள் இரு.

அப்பன்,
சின்னண்ணன்

பள்ளிபாளையம்,
12-11-1938

அப்பாவுக்கு,

மாரக்காள் அத்தை நாவல்கொட்டைப் பொடியோடு இங்கேயே வந்துவிட்டார்கள். என் கன்னத்தைத் தடவி, "இந்த வயசிலே இப்பிடி ஆயிருச்சே கண்ணு" என்று வாசலிலே உட்கார்ந்து அழுதார்கள். தெருவே கூடிவிட்டது. உயிரோடு நிற்கிறவளுக்கு யாராவது அழுவார்களா? அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

வாத்தியாரண்ணா, இனி வருவதையும் விடாமல் படியுங்கள்.

போன மாதம் நாலு நாள் நான் ஊசி போடவில்லை. மறந்துபோய் அல்ல. ஊசியைக் காய்ச்ச வெந்நீர் வைத்தேன். அது ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பதே நிம்மதியாக இருந்தது. மயங்கிக் கிடந்த பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. இப்போது இவரே போட்டுவிடுகிறார். போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசு என்கிறார். எனக்குப் பேச்சு வருவதில்லை.

நீங்கள் யோசனை சொல்ல வேண்டாம். யாரிடமும் போக வேண்டாம். கடிதமும் வேண்டாம் அப்பா. முடிகிறபோது நானே எழுதுகிறேன்.

சௌந்திரம்

எருமப்பட்டி,
21-2-1939

அம்மணிக்கு,

கடிதம் வேண்டாமென்றாய். நானும் எழுதச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெறும் கார்டில் உன் விலாசத்தை மட்டும் எழுதி வாங்கித் தபாலில் போட்டேன். முதல் வாரமே வாத்தியார், "ஏனுங்க மாமா, நாலு நல்ல வார்த்தையாவது போடலாமுங்களே" என்றார். வேண்டாமென்றுவிட்டேன். என் நல்ல வார்த்தையால் நீ பட்டது போதும். அப்பன் இருக்கிறான் என்று தெரிந்தால் சரி. பதினான்கு கார்டு போயிற்று. ஒவ்வொரு வாரமும் உன் அம்மா பஸ் ஏறுகிறேன் என்று கிளம்புவாள். அவளைப் பிடித்து நிறுத்துவது எனக்குப் பெரும்பாடு. என்னை நிறுத்திக்கொள்வது அதைவிட.

நேற்று உன்னிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வாத்தியார் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லீங்களே மாமா. அம்மணி எழுத மறந்துட்டாப்பல இருக்குது."

"மறக்கலீங்க. இங்கே குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

விலாசம் உன் கையெழுத்துத்தானா என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்றார். நீ நன்றாக இருக்கிறாயா, ஊசியை இப்போது நீயே போடுகிறாயா, அதெல்லாம் அதில் இல்லை. நான் கேட்கவும் மாட்டேன். களத்து மேட்டில் போய் உட்கார்ந்து, பொழுது சாயும் வரை அதைக் கையில் வைத்திருந்தேன். நீ வாழப்போன பன்னிரண்டு வருஷத்தில் எனக்குப் போட்ட காகிதங்களில், இன்னொருத்தர் வாய்க்குப் போகாமல் நானே படித்தது இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கார்டு வரும்.

அப்பன்,
சின்னண்ணன்