ஒரு கட்டி ஐஸ்

பினாங்கு
4-6-1934

பிரியமுள்ள அமலத்துக்கு,

இங்கு சுகம். உன் சுகமும் வயிற்றில் இருக்கும் பெரிய மனிதரின் சுகமும் அறிய ஆவல். நீ பிரசவத்துக்குப் பாகான் டாலாம் போன நாளிலிருந்து நான் வடிக்கும் சோறு கஞ்சியாகவே முடிகிறது.

சயன்ஸ் வாத்தியார் சீமைக்கு லீவில் போனதால் அவர் வகுப்பு என் தலையில் விழுந்தது உனக்குத் தெரியும். இங்கிலீஷ் வாத்தியாருக்கு வெப்பமும் அமிலமும் எங்கே விளங்கும்? கம்பவுண்டராக இருந்த மாமா உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது என் அதிர்ஷ்டம். நீ போட்டுக் கொடுத்த கணக்கைப் பலகையில் எழுதியே பெயர் வாங்கிவிட்டேன்.

ஐந்து கணக்கைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கடைசிக் கணக்கு: எழுபது டிகிரி வெந்நீரில் ஒரு கட்டி ஐஸ் போட, எல்லாம் உருகி இருபது டிகிரிக்கு இறங்குகிறது. வெந்நீர் எத்தனை ராத்தல்?

எங்கள் பள்ளி எழுத்தர் ஜெயராஜ் அண்ணன் ஃபெரியில் வருகிறாரே, அவரிடம் பதிலைக் கொடுத்தனுப்பு. கவரை நன்றாக ஒட்டு.

உன்,
பாக்கியசாமி


பாகான் டாலாம்
6-6-1934

அன்புள்ள அத்தானுக்கு,

கால் வீக்கம் தவிர வேறு குறை இல்லை. சோற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து வையுங்கள்.

ஐந்தும் போட்டுவிட்டேன். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் எடை எங்கே போகிறது என்று பையன்கள் கேட்டால், வாயுவாகப் போனதையும் சேர்த்து நிறுக்கச் சொல்லுங்கள். கடைசிக் கணக்கில், பசாரில் ஐஸ் நிறுத்து வாங்கும் ‘கட்டி’ என்ற எடை ஒன்றுக்கு ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் ராத்தல் என்று மாற்றினேன். விடை இரண்டும் மூன்றில் இரண்டு பங்கும். சீமைப் புத்தகத்தில் நம் பசார் அளவு எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஒருமுறை புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

உங்கள்,
அமலம்


பினாங்கு
9-6-1934

அன்புள்ள அமலம்,

கடைசிக் கணக்கு தப்பு. புத்தகத்தின் பின்னால் விடை இரண்டு ராத்தல் என்று இருக்கிறது. நான் நீ எழுதியபடியே கட்டியை ராத்தலாக்கிப் பலகையில் எழுதினேன். "சார், இது சயன்ஸா, பசாரா?" என்று ஒரு பையன் கேட்க வகுப்பே சிரித்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் பின்னால் நிற்கிறார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இனிமேல் கவனமாகப் போடு. இன்னும் நாலு கணக்கு இதனுடன் இருக்கிறது.

உன்,
பாக்கியசாமி


பாகான் டாலாம்
14-6-1934

அத்தானுக்கு,

நேற்று ஜெயராஜ் அண்ணன் வந்து அம்மாவிடம் கேட்டார்: "தங்கச்சிக்குப் புத்தி தெளிஞ்சிருச்சா? தன் தாள்ல எல்லாம் தங்கச்சி கிறுக்கி வச்சிருச்சின்னு வாத்தியாரு ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னாரு லா, பாவம்." அம்மா அழுதுகொண்டே கோயிலுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போய்விட்டாள்.

சமாளித்தது இப்படித்தானா?

இன்று ஜெயராஜ் அண்ணனிடம் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் படிக்கச் சொன்னேன். ஒரு ராத்தல் எடையுள்ள ஐஸ் துண்டு என்று இருக்கிறதாம். துண்டைக் கட்டி என்று எழுதி, ராத்தலை விட்டுவிட்டது நீங்கள். கை தவறுவது எல்லோருக்கும் உள்ளதுதான், அதற்கு எனக்குக் கோபம் இல்லை.

தலைமையாசிரியரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். கணக்குப் போட்டது நான் என்றுகூடச் சொல்ல வேண்டாம். என் மனைவிக்குப் பைத்தியம் இல்லை என்று சொன்னால் போதும். சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு முதல் ஃபெரியில் வருகிறேன். சொல்லாவிட்டால் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பேன்?

நாலு கணக்கையும் போடாமல் திருப்பி அனுப்புகிறேன்.

அமலம்


பினாங்கு
2-7-1934

அமலத்துக்கு,

பெண் பிறந்த செய்தியை ஜெயராஜ் அண்ணன்தான் சொன்னார். நீ எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

நீ சொன்னபடி இன்று தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். அவர் எழுந்து வந்து கைகொடுத்தார். பெண் பிறந்ததற்கு வாழ்த்தினார். கதவைச் சாத்திவிட்டு, உன் மனைவிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவு அக்கறையாக அந்த மனிதர் என்னிடம் பேசியதே இல்லை. வாயைத் திறந்தால் போதும், அமலம். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"இப்போ தேவலை சார். பிள்ளை பிறந்ததும் தெளிஞ்சிட்டா" என்றேன்.

வெட்கத்தில் உடம்பு கூசுகிறது. முதல் தடவை பயத்தில் உளறினேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இன்று என்னைப் பார்த்துச் சிரிக்க அந்த அறையில் ஒருவரும் இல்லை.

உன்னை வா என்று எழுத எனக்கு முகம் இல்லை. பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று மட்டும் ஜெயராஜ் அண்ணனிடம் சொல்லி அனுப்பு.

பாக்கியசாமி